பழைய வண்டியும் தோற்ற ஆட்டமும்

மார்கழி, தை மாதங்களில் சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் நமக்கு ஒரு வேலை காத்திருக்கும். வாசலில் நிற்கும் பழைய பத்மினிக் காரின் உறையை நீக்கி, பனி ஈரத்தைத் துடைத்து, அதனை ஓடச் செய்ய வேண்டும். குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்தால்தான் எஞ்சின் இசையும். முதலில் முனகும், பிறகு இருமும், அதன் பின்னரே ஓடும். புதிய வண்டிகள் இவ்வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. பழைய வண்டியோ மனிதனிடம் பொறுமையைக் கேட்கிறது.

இவ்வாறு ஒரு தை மாதக் காலையில் துடைத்துக்கொண்டிருந்தபோது நம் மகன் கேட்டான்: "அத்தா, காயலான் கடைக்குப் போக வேண்டியதைத் துடைக்கிறீர்கள். கிரிக்கெட்டில் யாரோ தோற்றால் இரவெல்லாம் வருந்துகிறீர்கள். இவற்றால் யாருக்கு என்ன பயன்?"

வினா எளிதன்று. பயன் தராத ஒன்றை நேசிப்பது அறிவுடைமையா, பேதைமையா?

அரபு மொழியில் விளையாட்டை 'லஇப்' என்பர். செய்ய வேண்டியதை மறக்கடிக்கும் கேளிக்கையை 'லஹ்வு' என்பர். இரண்டும் ஒன்றல்ல. ஒருவருக்கு உரியதை, அதாவது அவருடைய ஹக்கை, நாம் மறந்துவிடும்படி ஓர் ஆட்டம் செய்யுமாயின் அது லஹ்வு ஆகிறது. மறந்தோமா, இல்லையா என்பது வெற்றி நாளில் தெரியாது. தோல்வி நாளில் தெரிந்துவிடும்.

அத்தகைய நாள் ஒன்றை நாம் கண்டதுண்டு. அதுவும் ஒரு தை மாதம். 1999 ஜனவரி 31. சேப்பாக்கம் மைதானத்தில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள். இந்தியா வெல்ல 271 ஓட்டங்கள் தேவை. 82 ஓட்டங்களில் ஐந்து விக்கெட்டுகள் போயின. முதுகுவலியைத் தாங்கியபடி சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். வெற்றிக்கு 17 ஓட்டங்களே எஞ்சியிருக்கையில் அவர் வீழ்ந்தார். எஞ்சிய விக்கெட்டுகள் நான்கே ஓட்டங்களில் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. அரங்கம் உறைந்து போயிற்று.

பின்னர் நிகழ்ந்ததே நம் நெஞ்சில் நிற்கிறது. வாசிம் அக்ரமின் அணியினர் மைதானத்தை வலம் வந்தபோது மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். நாம் உடனே எழவில்லை. துயரம் மட்டும் காரணமன்று. தொப்பி அணிந்த நாம் தட்டினால் அது ஆட்டத்திற்கான பாராட்டு என்று கொள்ளப்படுமா, வேறு பொருள் காணப்படுமா என்ற அச்சம். நாளெல்லாம் நம் அணிக்காகத் துடித்த உள்ளம் அக்கணத்தில் தனக்குச் சாட்சி தேடியது. அருகிலிருந்த, நெற்றியில் நீறணிந்த பெரியவர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எழுந்திருங்க பாய், நல்லா ஆடினாங்க இல்லையா?" என்றார். எழுந்தோம், தட்டினோம். வென்றவர்க்குரிய ஹக்கை அவர் கொடுத்தார். அறியாமலே நமக்குரியதையும் கொடுத்தார்.

பந்தயத்தில் தோற்ற துயரம் புதியதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் 'அள்பா' என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்தது எதுவும் ஒருநாள் தாழ்த்தப்படும் என்பதை அண்ணலார் அவர்களுக்கு உணர்த்தினார்கள்.

நம் வாசலில் நிற்கும் வண்டியும் அதையே சொல்கிறது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று பம்பாயில் பிறந்து, பின்னர் பத்மினி என்று பெயர் பெற்றது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் மக்கள் இதற்காகக் காத்திருந்த காலம் உண்டு. 1983 இறுதியில் மாருதி 800 வந்தது. இதன் செல்வாக்குத் தேய்ந்தது. மும்பையில் வாடகை வண்டியாக ஓடிய கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபரில் விடைபெற்றன. இதனை இன்று துடைப்பதில் பெருமை ஏதுமில்லை. நம் தந்தையாரைக் கடைசி முறையாக மருத்துவமனைக்குச் சுமந்து சென்றது இவ்வண்டி. உழைத்து ஓய்ந்ததற்கு நாம் செலுத்தும் நன்றியே அந்தத் துடைப்பு.

கைம்மாறு கருதாமல் உரியதை உரியவர்க்குக் கொடுக்கப் பழகுவதே இத்தகைய நேசங்களின் பயன் என்று நாம் கருதுகிறோம். ஆயினும் எல்லை உண்டு. வண்டிக்குச் செய்யும் செலவு வறிய உறவினரின் ஹக்கைத் தின்னுமாயின், ஆட்டத்தின் வெறி அயலாரை ஐயுறச் செய்யுமாயின், அன்றே அது லஹ்வு. அன்றே அது காயலான் கடைக்கு உரியது.

மகனிடம் இதையே சொன்னோம். முழுவதும் ஏற்றுக்கொண்டான் என்று சொல்வதற்கில்லை. "அடுத்த ஆட்டத்துக்குச் சேப்பாக்கம் வரை இதிலேயே போவோமா அத்தா?" என்று மட்டும் கேட்டான். வழியில் நின்றுவிட்டால் தள்ள வேண்டியவன் நீதான் என்றோம்.