உடலுக்குள் ஏற்றிய பாரம்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதனை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. பாரம் என்றவுடன் வண்டி மாடும் பொதி சுமக்கும் கழுதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. முதுகின்மேல் அன்றி உடலுக்குள்ளேயே பாரம் ஏற்றும் கொடுமையும் இக்காலத்தே உண்டு. அதனை இன்று சிந்திப்போம்.

கோழிகளின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். தன் இனம் தழைக்க அதற்கு அது போதும். மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பண்ணைக் கோழியோ 300 முட்டை அளவில் இடுகிறது. இறைச்சிக்கென வளர்க்கும் பிராய்லர் கோழியின் நிலையும் இத்தகையதே. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டின் இனத்தையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீனியிட்டு வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். 56ஆம் நாளில் முன்னது 905 கிராம் எடையும் பின்னது 4,202 கிராம் எடையும் இருந்தன.

உண்ணும் உணவால் வரும் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அது தசைக்கும் முட்டைக்கும் மிகுதியாகச் சென்றால், நோயைத் தடுக்கும் காவலுக்குக் குறையக்கூடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டின் இனத்தையும் 2001ஆம் ஆண்டின் இனத்தையும் ஒப்பிட்டு, 2003இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. அன்னியப் பொருள் உடலுள் புகும்போது அதனை எதிர்க்கச் சுரக்கும் எதிர்ப்பொருள், புதிய இனத்தில் குறைந்திருந்தது. அணுக்கள் நேரே நின்று எதிர்க்கும் ஆற்றலும் அழற்சியும் அவ்வினத்தில் மிகுந்திருந்தன என்பதையும் மறைத்தலாகாது. வாய்மையும் நம் விரதமன்றோ! ஆகவே காவல் முற்றும் அழிந்தது என்று கூறோம். இயற்கை வகுத்த சமநிலையை மனிதன் தன் ஆதாயத்திற்காக மாற்றினான் என்றே கூறுவோம்.

எஞ்சிய அதிசாரங்களும் பண்ணைகளில் உள்ளன. கம்பிக் கூண்டு கட்டுதலாகும்; அலகின் நுனியைத் தீய்த்தல் உறுப்பைச் சிதைத்தலாகும். முட்டை குறைந்த கோழிகளைப் பல நாள் பட்டினியிட்டு, இறகுதிரச் செய்து, மீண்டும் முட்டையிட வைக்கும் முறையோ உணவைத் தடுத்தலேயாகும். இவ்வாறு பட்டினியிட்ட கோழிகளைச் சால்மோனெல்லா கிருமி எளிதில் பற்றுவதை அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 1990களில் கண்டனர். இந்திய விலங்குகள் நல வாரியமும் 2011இல் இம்முறையை நிறுத்துமாறு அறிவுறுத்தியது.

“கருவில்லா முட்டையில் உயிரில்லையே, உண்டால் என்ன?” என நம் இல்லத்துப் பிள்ளைகள் வினவுகின்றனர். யசோதர காவியத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். யசோதரன் பலியிட்டது மாவினால் செய்த கோழி, அதிலும் உயிரில்லை. எனினும் கொலை எண்ணம் அவனைப் பிறவிதோறும் தொடர்ந்தது. முட்டையின் கதை அதனினும் தெளிவானது. முட்டையில் உயிர் இல்லையென்றே கொள்ளினும், அதனை இட்ட கோழி உயிருடையது, ஐம்பொறியும் உடையது. அதன்மேல் ஏற்றிய பாரமே நம் தட்டில் முட்டையாகக் கிடக்கிறது.

“நாம் பண்ணை வைத்திலோமே” எனலாம். செய்தலும், செய்வித்தலும், செய்வார்க்கு உடன்படுதலும் வினைக்கு வழியே என்பது ஜினாகம நெறி. விலை கொடுத்து வாங்குவோர் செய்விப்போரே ஆவர். ஆதலின் பிறந்தநாள் கேக்கு வாங்குமுன் முட்டை கலந்ததா எனக் கேளுங்கள்; பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைக் குறி உளதா எனப் பாருங்கள். கேட்கும் காரணத்தைப் பிள்ளைகளுக்கும் விளக்குங்கள். காரணம் அறிந்து காக்கும் விரதமே நிலைபெறும்.

எவ்வுயிரும் தன்னளவுக்கு மேல் சுமவாதிருப்பதாக! ஜினதருமம் ஓங்குக!