படத்தில் இருப்பவரைக் கேட்டீர்களா?

1949 மே மாதம். கையில் காசில்லாத இளம் நடிகை ஒருவர், ஹாலிவுட்டில் டாம் கெல்லி என்பவரின் ஸ்டுடியோவில் சிவப்பு வெல்வெட் விரிப்பின்மேல் ஆடையின்றிப் படுத்திருக்க, படம் எடுக்கப்பட்டது. கூலி 50 டாலர். ஒப்புதல் தாளில் அவர் தம் பெயரைக்கூட மாற்றியே கையெழுத்திட்டார். படம் காலண்டராக வந்தது. 1953-இல் ஹியூ ஹெஃப்னர் அந்தப் படத்தின் உரிமையைக் காலண்டர் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கி, தாம் தொடங்கிய ‘பிளேபாய்’ முதல் இதழில் அச்சிட்டார். அதற்குள் அந்த நடிகையின் மர்லின் மன்றோ என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அவரை யாரும் கேட்கவில்லை. இதழ் ஈட்டிய பணத்தில் அவருக்கு ஒரு காசும் போகவில்லை.

அந்தப் படம் கலையா, ஆபாசமா என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதிடலாம். யார் வென்றாலும் மன்றோவுக்கு நடந்தது மாறப்போவதில்லை. ஒரு படம் கலையா என்பது ஒரு கேள்வி. அந்தப் படத்தைக் கொண்டு செய்தது நியாயமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். நிர்வாணப் படங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் கேள்விக்கு இந்தியாவில் தாமதமாகவேனும் ஒரு தெளிவு பிறந்திருக்கிறது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பார்பரா ஃபெல்டஸும் ஆடையின்றி நின்ற படத்தை எடுத்தவர் பார்பராவின் தந்தையே. ஜெர்மன் இதழொன்றில் வந்த அதை 1993-இல் ‘ஸ்போர்ட்ஸ்வேர்ல்டு’, ‘ஆனந்தபஜார் பத்திரிகா’ ஆகிய இரண்டும் மறுபதிப்புச் செய்தன. வழக்கறிஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தபோது ஆண்டு 2014. இங்கிலாந்தில் 1868-இல் பிறந்த ஹிக்ளின் என்ற ஆபாச அளவுகோல், எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தை முன்னிறுத்தியே எல்லாவற்றையும் அளந்தது. நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் அதைக் கைவிட்டார்கள். ஆடையில்லை என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது. படம் முழுமையாக என்ன சொல்கிறது, இன்றைய சமூகம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். வெள்ளை நிற ஆணும் கறுப்பினத் தந்தையின் மகளும் சேர்ந்து நிற்பதில் நிறவெறிக்கு எதிரான குரல் ஒலிப்பதையும் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

ஆபாசப் படத்துக்கு ஒரே வேலைதான். இச்சையைத் தூண்டிவிட்டு, அடுத்த படத்தைத் தேடவைப்பது. படத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அந்த வேலை நடந்துவிடும். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936-இல் சான்டா மோனிகா வீட்டு வாசற்படியில் கேரிஸ் வில்சனை எடுத்த படம் பார்ப்பவரை அப்படி அனுப்பிவிடாது. குனிந்த தலை, மடித்த கால்களைச் சுற்றிய கைகள், பின்னால் கதவுக்கு அப்பால் இருட்டு. முகமே தெரியாத அந்தப் படத்தில் கண் நெடுநேரம் தங்குகிறது. அதில் வலக்கையின் மேல் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. வில்சனுக்கோ கோணலாகப் போன வகிடும் வெளியே தெரிந்த கொண்டை ஊசிகளும் பிடிக்கவில்லை. சிறிய செய்திதான், ஆனால் படத்தில் இருந்தவருக்கும் அந்தப் படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது, அதைச் சொல்ல இடமும் இருந்தது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சான்று அரிது. பின்னாளில் வில்சன் வெஸ்டனோடு வாழ்ந்த வாழ்க்கையைத் தம் பார்வையில் நூலாகவும் எழுதினார்.

வெஸ்டனையும் முழுதாக விட்டுவிட முடியாது. தலையைத் தவிர்த்து முதுகையும் தொடையையும் மட்டும் எடுத்த படங்கள் அவரிடம் உண்டு. 1930-இல் ஒரு குடைமிளகாயைப் பார்த்த அதே கண்தான் அவற்றையும் பார்த்திருக்கிறது. அழகு இருக்கிறது, ஆள் காணாமல் போய்விடுகிறார். ஆளை மறைப்பது ஆபாசத்துக்கு மட்டும் உரிய குற்றமல்ல. கலையும் அதைச் செய்யும், அதைப் பாராட்டவும் செய்வோம்.

சம்மதம் இருந்ததே என்பார்கள். மன்றோவும் கையெழுத்துப் போட்டவர்தான். பசியில் போட்ட கையெழுத்து என்பது ஒருபுறம் இருக்கட்டும். காலண்டருக்குத் தந்த சம்மதம் நான்காண்டு கழித்து வேறொருவர் தொடங்கும் இதழுக்கும் செல்லுமா? அருங்காட்சியகங்கள் கொண்டாடும் ஜப்பானியக் கலைஞர் நொபுயோஷி அராக்கிக்குப் பல்லாண்டு மாடலாக இருந்த பெண், ஒப்பந்தமே இல்லாமல், தம்மைக் கேட்காமல் படங்கள் வெளியிடப்பட்டதாக 2018-இல் எழுதினார். அந்தப் படங்களை ஆபாசம் என்று ஒதுக்குவதும் கலை என்று உயர்த்துவதும் அவருடைய புகாருக்குப் பதிலாகாது.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் சரியான இடத்தைத் தொடுகிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை, அவருடைய தனிமையை மீறி, சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. படம் அழகா, அருவருப்பா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

பிறகு மனம் மாறினால் படத்தைத் திரும்பப் பெறும் உரிமை மாடலுக்கு வேண்டுமா? அப்படியானால் பாதிக் கலைவரலாறு சுவரிலிருந்து இறங்கிவிடும் என்று அஞ்சுவோரின் கவலை பொய்யல்ல. ஆனால் ஓவியர் கற்பனையிலிருந்தும் ஓர் உடலை வரையலாம். கேமராவுக்கு முன்னால் உண்மையான ஒருவர் நின்றாக வேண்டும், அந்தப் படம் அவருடைய பிள்ளைகள் காலம்வரை அவருடைய முகத்தோடு சுற்றும். ஆகவே எங்கே, எதற்காக, எவ்வளவு காலம் என்பதைப் படமெடுக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்வதும், எழுதியதற்கு அப்பால் போகுமுன் மீண்டும் கேட்பதும் கலைஞர் செய்தே ஆக வேண்டிய வேலை. காட்சிக்கு வைக்கும் கூடமும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிய பிறகே ஆணியடிக்க வேண்டும்.