வேட்டைச் சித்திரமும் நமது கண்ணும்

கொடுமையைத் தீட்டிய ஓவியம் அழகாயிருந்தால், அதனை இரசிப்பவன் கொடுமைக்கு உடந்தையாவானா? கலை கலைக்காகவே என்போர் இவ்வினாவை எழவே விடார். நம்மவருட் சிலரோ, பிரபுக்களின் படம் என்று ஒரே சொல்லில் அதனைத் தள்ளிவிடுவர். இரண்டும் சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்க்கும் வழிகளே.

ஆங்கில ஓவியர் ஜோர்ஜ் ஸ்ரப்ஸ் 1762இல் தீட்டிய ‘கிறொஸ்வெனர் வேட்டை’யை எடுத்துக்கொள்வோம். ஓடி இளைத்த கலைமான் நீரிலே நாய்களாற் சூழப்பட்டு நிற்கின்றது. கிறொஸ்வெனர் பிரபுவும் அவர் கூட்டத்தாரும் குதிரைகளில் வந்து சேர்ந்திருக்கின்றனர். அக்குதிரைகளின் தசைத்திரட்சியும் தோலின் மினுக்கமும் எவரையும் நிறுத்திப் பார்க்கவைப்பவை. ஸ்ரப்ஸ் லிவர்பூலிலே தோல் பதனிடும் தொழில் செய்தவர் ஒருவரின் மகன். கிராமத்து வீடொன்றிலே மாதக்கணக்காக இறந்த குதிரைகளை அறுத்து, தசை தசையாக வரைந்து பயின்றவர். (அந்த நாற்றத்தைப் பிரபு சகித்திருப்பாரோ?) உழைப்பினால் வந்த அவ்வறிவைப் பிரபுவின் சொத்தென்று நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

எனினும் அப்படத்தில் இடம்பெறாத ஒருவன் உளன். முகத்திற் கரிபூசி, ஆயுதந் தாங்கிக் காட்டிலே மான் வேட்டையாடுவோருக்கு மரணதண்டனை என்று 1723இல் இங்கிலாந்திலே சட்டம் இயற்றப்பட்டது. 1820கள் வரை அது நீடித்தது. பிரபுவுக்குப் பொழுதுபோக்கான அதே மான், ஏழையின் கழுத்துக்குச் சுருக்காயிற்று. ஸ்ரப்ஸ் பொய் எதுவும் வரையவில்லை. மானின் சாவை மறைக்கவுமில்லை. ஆனால் காலை வெயிலைப் போல, மழையைப் போல, பிரபுவின் உரிமையும் இயல்பாக வந்தமைந்ததெனப் பார்ப்பவன் நம்பிவிடுகின்றான். அழகு இங்கே செய்யும் ஊழியம் அதுதான்.

எசமானுக்காக வரைபவனின் கண் முழுவதும் எசமானுடையதாகிவிடுமா? கி.மு. 7ஆம் நூற்றாண்டிலே, நினிவே நகரில், அசூர்பானிபால் மன்னனின் அரண்மனைச் சுவர்களிற் செதுக்கப்பட்ட சிங்கவேட்டை இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. குதிரைகளும் வேட்டைநாய்களும் அங்கும் உண்டு. கூட்டிலிருந்து திறந்துவிடப்பட்ட சிங்கங்களை மன்னன் கொல்கின்றான். அவன் முகத்திலே சலனமில்லை. அம்பு தைத்த பெண்சிங்கமொன்றோ, செயலிழந்த பின்னங்கால்களை இழுத்தபடி, முன்னங்கால்களை ஊன்றி உறுமுகின்றது. சிற்பி இரங்கினானா என்பதை நாம் அறியோம். மன்னனின் வீரத்தைக் காட்டவே அவன் பணிக்கப்பட்டான். ஆயினும் வேதனையை அத்துணை நுணுக்கமாகப் பார்த்த கை, நமது கண்ணை மன்னனிடம் தங்கவிடவில்லை.

நாய்களைக் கொண்டு காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. படங்கள் இருக்கின்றன. அவற்றை இறக்கும்படி நாம் கேட்கவில்லை. மாணவருக்கு ஸ்ரப்ஸின் குதிரைகளைக் காட்டும் ஆசிரியர், 1723ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதே பாடவேளையிலே வாசித்துக் காட்டட்டும்.