சாதி என்னும் சொல்

சாதி இரண்டெழுத்துச் சொல். பாலியில் ‘ஜாதி’ எனின் பிறப்பு. பிறப்புத் துக்கம் என்று பகவான் போதித்தபோது வழங்கிய சொல்லும் அதுவே. தமிழில் வினையாகக் கொள்ளின் ‘செய்து முடி’ என்றாகும். பூக்காரியின் கூடையிலோ அது மணக்கும் மல்லி. இத்துணைப் பொருள் இருந்தும் நம் முன்னோர் செவியில் விழுந்தது இழிவொன்றே.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் ‘ஷெட்யூல்டு காஸ்ட்’ என்று பெயரிட, நாவு அதனை ‘எஸ்.சி.’ எனச் சுருக்கிற்று. ஆங்கிலத்தில் உச்ச நீதிமன்றத்திற்கும் அவ்வீரெழுத்தே சுருக்கம் என்பது வேடிக்கை! 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கருடன் தம்மம் தழுவியோரை மத்திய அரசின் அப்பட்டியல் ஏற்கவில்லை. 1990-இல்தான் சட்டத்தைத் திருத்திப் பௌத்தரையும் சேர்த்தனர். இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்!

தாராவியில் மகளைப் பள்ளியிற் சேர்க்கும் தந்தையொருவர் மதம் என்னுமிடத்தில் ‘பௌத்தம்’ என்று எழுதுகிறார். அடுத்த கட்டத்தில் கை தயங்குகிறது. பழைய பெயரை எழுதின், துறந்ததை மீண்டும் ஏற்றதாகாதா? எழுதாவிடின் உரிமை கோர இடமில்லை. எழுதுதல் பொய்யன்று என்பதே என் துணிபு. அப்பெயர் நம் இயல்பைக் கூறவில்லை; நமக்கு இழைக்கப்பட்டதைக் கூறுகிறது. மருத்துவரிடம் காயத்தை மறைப்பார் உண்டோ? ஆயினும் அக்கட்டத்தைச் சுட்டி, “இஃதென்ன அப்பா?” என்று மகள் வினவின், பாலிப் பொருளை முன்னர்ச் சொல்லுக, பட்டியலின் கதை பின்னர் ஆகட்டும்.