வாங்கில் ஓர் இடம்



வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குப் புளியங்குளம் சந்தி அறிமுகமானது. ஓமந்தையைக் கடந்து, கனகராயன்குளம் வருமுன், நெடுங்கேணிக்கு வீதி பிரிகின்ற இடம் அது. பேருந்தில் இருப்பவருக்கு அது ஒரு தரிப்பிடம் மட்டுமே. இன்று அங்கே இறங்கி, ஒரு வகுப்பறையை உங்கள் மனக்கண் முன் கொண்டுவாருங்கள்.

தவணை நடுவில் ஒரு காலை. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கையிற் பிடித்தபடி ஒரு தாய் வாசலில் நிற்கிறாள். தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் அது. பிள்ளை பிறந்ததும் அங்கேதான். அதிபர் பெயரைப் பதிகிறார். ஆசிரியை, “வா பிள்ளை, இரு” என்கிறார். முப்பது முகங்கள் அந்தப் பிள்ளையைப் பார்க்கின்றன. வாங்குகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன.

அந்த வேளையில், யாராவது ஒரு பிள்ளை சற்றுத் தள்ளியிருந்து இடம் விடுமா?

பாடநூலை அரசு இலவசமாகத் தருகிறது. சப்பாத்தும் கொப்பியும் இல்லையென்றால் நல்ல மனங்கள் வாங்கிக் கொடுக்கும். ஆனால், வாங்கிலே ஒரு சாண் தள்ளியிருக்கும் அந்தச் சிறு செயலை எந்தச் சுற்றறிக்கையாலும் பெற்றுத்தர முடியாது.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. பசித்தவனுக்கு உணவு கொடுப்பது கடமை என்கிறோம். தனித்து நிற்கும் பிள்ளைக்கு நட்புக் கொடுப்பதும் கடமையா? கடமைக்காகக் கொள்ளும் நட்பு நட்பாகுமா? ஆகாது என்றால், பெரியவர்களாகிய நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா?

வந்தவர்களின் மண்

இந்தக் கேள்வி வன்னிக்குப் புதிதன்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குத் துரத்தின. எழுபதுகளின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தீயம் அமைப்பு, அவ்வாறு வந்தவர்களைக் குடியமர்த்தியதோடு சிறுவருக்குப் பாலர் பாடசாலைகளையும் நடத்தியது. உதவிய கைகள் இருந்தன. ஆயினும் உண்மையை மறைக்கக்கூடாது. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களும், அவர்களை ‘வந்தான் வரத்தார்’ என்று ஒதுக்கியவர்களும் நம்மிடையேதான் இருந்தார்கள்.

காலம் சுழன்றது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீதிக்கு வந்தார்கள். பெரிய பெயர் பெற்ற கல்லூரிகளிற் படித்த பிள்ளைகள், கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்து, மரநிழலில் இருந்து பாடம் படித்தார்கள். 1997 மே 13இல் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கையின்போது புளியங்குளமே போர்க்களமாயிற்று. பிறருக்கு இடம் கொடுத்த ஊரவர் தாமே இடம் தேடி அலைந்தனர். 2009இல் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டனர். அங்கும் தற்காலிகக் கொட்டில்களில் வகுப்புகள் நடந்தன. 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அதன் பின்னரும் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்கள், தொழில் தேடி இடம் மாறுகிறவர்கள், தாய் வெளிநாடு போனதால் பேத்தியாரிடம் விடப்பட்டவர்கள் என்று, வாசலில் ஒரு புதிய பிள்ளை எப்போதும் நிற்கத்தான் செய்கிறது.

இந்த மண்ணில் என்றும் வீட்டுக்காரனாகவே இருந்தவன் எவனும் இல்லை. நேற்றைய வீட்டுக்காரன் இன்றைய விருந்தாளி. இதை மறந்தவன்தான் மற்றவனை ‘வந்தவன்’ என்கிறான்.

நண்பன் செய்யும் வேலை

புதிய பிள்ளைக்கு ஒரு தோழி கிடைத்தால் என்ன நடக்கிறது? நம் கதைக்குத் திரும்புவோம். அங்கே அவள் ‘நோட்டு’ என்றாள்; இங்கே அது ‘கொப்பி’. அங்கே ‘பெஞ்சு’, இங்கே ‘வாங்கு’. அங்கே ‘ஏழாம் வகுப்பு’. இங்கே ‘தரம் ஏழு’. தமிழ் ஒன்றுதான். என்றாலும் வாயைத் திறந்தால் வகுப்புச் சிரிக்கிறது. சிங்களப் பாட வேளையில், மற்றப் பிள்ளைகள் எழுதும் எழுத்துகள் அவளுக்கு வெறும் வளையங்களாகத் தெரிகின்றன. ஆசிரியையிடம் கேட்கலாம். ஆனால் ஆசிரியையிடம் கேட்டால் தன் அறியாமை முழு வகுப்புக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டால் அது இருவருக்குள் முடிந்துவிடும். தோழி இருக்கும் பிள்ளைக்குக் கேள்வி கேட்கத் துணிவு வருகிறது; கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் படிப்பும் வருகிறது.

இது வெறும் ஊகமன்று. கேரி லாட் என்ற அமெரிக்க உளவியலாளர், புதிதாகப் பாடசாலையிற் சேர்ந்த சிறுவர்களை முதலாண்டு முழுவதும் அவதானித்து, 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வகுப்பில் நண்பர்களோடு ஆண்டைத் தொடங்கிய பிள்ளைகள் பாடசாலையை விரும்பின. புதிய நண்பர்களைத் தேடிக்கொண்ட பிள்ளைகள் படிப்பிலும் முன்னேறின. சகபாடிகள் ஒதுக்கிய பிள்ளைகளோ பாடசாலையைத் தவிர்க்கப் பார்த்தன, படிப்பிலும் பின்தங்கின. சொந்த ஊரில் வளரும் சாதாரணப் பிள்ளைகளுக்கே இப்படியென்றால், ஊரும் உறவும் இழந்து வந்த பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரக்கம் வேறு, நட்பு வேறு

“எங்கள் பிள்ளை இரக்கமுள்ள பிள்ளை, அகதிப் பிள்ளைகளுக்குத் தன் சாப்பாட்டைக் கொடுக்கும்” என்று மகிழும் பெற்றார் உண்டு. நல்லதுதான். ஆனால் கொடுக்கிற கை மேலேயும் வாங்குகிற கை கீழேயும் இருக்கும்வரை அது இன்னும் நட்பாகவில்லை. கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தம் அறநூலின் பத்துப் பகுதிகளில் இரண்டை நட்புக்கே ஒதுக்கினார். பயனுக்காக வரும் நட்பு, இன்பத்துக்காக வரும் நட்பு, ஒருவர் மற்றவரின் நன்மையையே நாடும் நட்பு என மூன்றாக அதைப் பிரித்தார். இருபுறமும் நல்லெண்ணம் இருக்கவேண்டும், அதை இருவரும் அறிந்திருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. புனித தோமஸ் அக்குவீனாஸ், இறையன்பைப் பற்றிச் சொல்ல வந்தபோது, அதையும் ஒரு வகை நட்பென்றே விளக்கினார். அன்பின் உச்சியில் அவர் கண்டது தானத்தை அன்று, தோழமையை.

ஆகவே வந்த பிள்ளைக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்தப் பிள்ளையிடம் நாம் எதைப் பெற்றுக்கொள்கிறோம்? நம் பிள்ளை அவளுக்குக் கிளித்தட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். அவள் கொண்டுவந்த விளையாட்டை நம் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். கணக்கில் அவள் கெட்டிக்காரியாக இருந்தால் அவளிடம் போய்க் கேட்கட்டும். ‘என்னாலும் கொடுக்க முடியும்’ என்று உணர்கின்ற நாளில்தான் அவள் அகதி என்ற பெயரிலிருந்து விடுபடுகிறாள்.

பெற்றாரின் பயம்

“யாரென்று தெரியாத பிள்ளையோடு எப்படிப் பழகவிடுவது?” என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைமேல் உள்ள அக்கறையிற் பிறந்த பயம் அது. அதை இகழ வேண்டியதில்லை. வள்ளுவரும் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் எழுதியபோது, ஆராய்ந்து நட்புக் கொள்வதற்கென்றே ஓர் அதிகாரத்தை வைத்தார். ஆராயுங்கள். ஆனால் எதை ஆராய்கிறீர்கள்? குணத்தையா, அல்லது எந்த முகாம், எந்தத் தோட்டம், என்ன சாதி என்பதையா? “அந்தப் பிள்ளையோடு சேராதே” என்று குசினியில் மெதுவாகச் சொல்லும் ஒரு சொல், அடுத்த நாள் காலை வகுப்பறையிற் சுவராக எழுந்து நிற்கிறது. அந்தச் சுவரைக் கட்டுவது பிள்ளையன்று, நாம்தான்.

இன்னொரு பயமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “இந்தப் பிள்ளை அடுத்த வருடம் வேறிடம் போய்விடும். பிறகு என் பிள்ளை அழும்.” உண்மைதான், அழும். வன்னியில் எத்தனை பிள்ளைகள் இப்படி அழுதிருக்கிறார்கள்! பிரியாவிடைகூடச் சொல்லாமல், ஒரே இரவில் வெறுமையான வாங்குகள் எத்தனை! ஆனால் பிரிவுக்கு அஞ்சி நட்பை விலக்கினால், பிள்ளை துயரத்திலிருந்து மட்டும் தப்பவில்லை, அன்பிலிருந்தும் தப்பிவிடுகிறது. ஒரு வருட நட்பும் நட்புத்தான். போகிற பிள்ளை, ‘நான் போகிற இடத்திலும் ஒருத்தி கிடைப்பாள்’ என்ற நம்பிக்கையை எடுத்துச் செல்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஒரே முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால், ‘மற்றவர்களோடு கலக்கட்டும்’ என்று உடனே பிரித்து இருத்திவிடாதீர்கள். 1945இல் நாஸிகளின் முகாம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட ஆறு யூதக் குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பெற்றாரை இழந்த அக்குழந்தைகள் ஒருவரையொருவர் ஒரு கணமும் பிரிய மறுத்தனர், உணவையும் பகிர்ந்துகொண்டனர். 1951இல் அவர்களைப் பற்றி எழுதிய அன்னா பிராய்டும் சோபி டானும், பெற்றார் இல்லாத இடத்தில் அந்தத் தோழமையே அவர்களைத் தாங்கியது என்று கண்டனர். பழைய நட்பு புதிய நட்புக்குப் பகையன்று. காலூன்ற ஓர் இடம் இருந்தால்தான் மற்றக் காலை எடுத்து வைக்கலாம்.

நம் கடமை

முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். நட்பைக் கட்டளையிட முடியாது. “இவளோடு சிநேகமாய் இரு” என்று அதட்டினால் நம் பிள்ளை ஒரு நாள் சிரித்துவிட்டு மறுநாள் விலகிவிடும். நட்பு பிள்ளைகளின் சுதந்திரம். ஆனால் அது முளைக்கத் தடையாக இருக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது பெரியவர்களின் கடமை. வயலில் நெல்லை நாம் முளைக்கச் செய்வதில்லை. களை பிடுங்குகிறோம், தண்ணீர் கட்டுகிறோம். அதைச் செய்யாதவன் விளைச்சல் இல்லையென்று முறையிட முடியாது.

ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை நாம் அறிவோம். அந்நிய நாட்டில் அந்தப் பாலகனுக்கு விளையாட்டுத் தோழன் ஒருவன் இருந்தானா? நற்செய்தி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருந்திருந்தால், “போய் விளையாடு” என்று தன் பிள்ளையை அனுப்பிய ஓர் எகிப்தியத் தாயும் இருந்திருப்பாள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்றிரவு சாப்பாட்டு வேளையில் உங்கள் பிள்ளையிடம் புள்ளிகளைப் பற்றிக் கேட்குமுன் வேறொன்றைக் கேளுங்கள்: “உங்கள் வகுப்புக்குப் புதிதாக யாராவது வந்திருக்கினமா? அந்தப் பிள்ளை யாருக்குப் பக்கத்தில் இருக்குது?” பதில் வரச் சற்றுத் தாமதமானால், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். தாயையும் சேர்த்து அழையுங்கள். ஒரு கோப்பை தேநீர் போதும். மிகுதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.