விலை கொடுத்த கருணை

ஒரு செயலுக்குப் பின்னால் நல்லெண்ணம் இருந்தால் போதுமா, அதன் விளைவுக்கும் செய்பவர் பொறுப்பேற்க வேண்டுமா? அறவியலின் இந்தப் பழைய கேள்வி, இன்று நாய்க்குட்டியின் வடிவில் பல குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கிறது.

1980-களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பயிற்றுவிக்கும் சங்கமொன்றில் வாலி கான்ரன் என்பவர் பணியாற்றினார். ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாமை. ஆகவே லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்துக் குட்டிகளைப் பெறச் செய்தார் கான்ரன். நோக்கம் தூய சேவையே. ஆனால் ‘லாப்ரடூடில்’ என்ற பெயர் புகழ்பெற்றதும், பரிசோதனையின்றிக் கலப்புக் குட்டிகளைப் பெருக்கி விற்போர் பல நாடுகளில் தோன்றினர். தாம் தொடங்கி வைத்ததற்காக வருந்துவதாக 2019-இல் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

‘கலப்பினத்துக்கு நோய் வராது’ என்பது விற்பவரின் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் குறைபாடுகளை இனக்கலப்பு தடுக்கக்கூடும். ஆனால் பொமரேனியன், சிவாவா ஆகிய இரு சிற்றினங்களிலுமே முழங்கால் சில்லு விலகும் குறைபாடு மிகுதி. அவற்றைக் கலந்தால் அது எப்படி மறையும்? தட்டை மூக்குள்ள பக் இனம் மூச்சுவிடத் திணறுவது. நாயோ மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்வித்துக் கொள்கிறது. அந்த மூக்கைப் பெறும் கலப்புக் குட்டிக்கு, நகரியிலும் திருப்பதியிலும் நாற்பது டிகிரியைக் கடக்கும் கோடை ஒரு தண்டனையாகிவிடும். பூடில் கலந்த மூன்று பிரபலக் கலப்பினங்களை அவற்றின் மூல இனங்களோடு ஒப்பிட்டு, பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பெரும்பாலான நோய்களில் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

‘குட்டி பிறந்துவிட்டது, கூண்டில் வாடுகிறது. இரக்கப்பட்டு வாங்குவது தவறா?’ என்று சிலர் கேட்கலாம். இரக்கம் உண்மையானதே. ஆனால் கொடுக்கப்படும் பணம் அந்தக் குட்டியோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த ஈற்றுக்கு அதுவே முன்பணம் ஆகிறது. கண்ணுக்குத் தெரியும் குட்டிக்குக் காட்டும் கருணையின் விலையை, கண்ணுக்குத் தெரியாத தாய் நாய் செலுத்துகிறது. உண்பவர் இல்லையேல் ஊன் விற்பவரும் இல்லை என்று வள்ளுவர் காட்டிய காரண காரியத் தொடர் இங்கும் பொருந்தும்.

இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்திற்கு உட்படுத்துவதையும் தடுக்கின்றன. இவை நடைமுறையில் உயிர்பெறுவது வாங்குபவரின் கேள்விகளால்தான். ‘தாயைக் காட்டுங்கள், பதிவுச் சான்று எங்கே, பரிசோதனை நடந்ததா?’ என்று கேட்டு, பதில் இல்லையெனில் வெறுங்கையோடு திரும்புவதற்கு மனவுறுதி வேண்டும்.

ஏற்கெனவே அத்தகைய நாய் வீட்டில் இருந்தால், அதன் நோயும் முதுமையும் அந்த வீட்டாரின் கடமை. புதிதாக ஒரு துணை வேண்டுவோருக்கோ, தெருவில் பிறந்து ஆதரவின்றித் திரியும் குட்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றை ஏற்பதற்காக எந்தத் தாயும் மீண்டும் கூண்டில் ஈன வேண்டியதில்லை.