அவசரமில்லாதவர்கள்

"ஒண்ணும் அவசரமில்லைப்பா. நேரம் கிடைச்சா கூப்பிடு."

அம்மா இப்படிச் சொல்லி ஒன்பது நாள் ஆகிவிட்டது. நான் கூப்பிடவில்லை.

நெட்வொர்க் இன்ஜினீயர் நண்பரிடம் இதைச் சொன்னேன். "எங்க பாஷையில இதுக்குப் பேரு பட்டினி" என்றார். பி.காம். படித்தவனுக்குப் புரிகிற மாதிரி விளக்கவும் செய்தார்.

இன்டர்நெட்டில் எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகின்றன. வழியில் ரவுட்டரில் நெரிசல் என்றால் எதை முதலில் அனுப்புவது? போன் பேச்சு சுமார் 150 மில்லி செகண்டுக்குள் மறுமுனைக்குப் போனால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். ஈமெயில் இரண்டு நிமிஷம் தாமதித்தால் குடி முழுகாது. ஆகவே பேச்சுக்கு முன்வரிசை, ஈமெயிலுக்குப் பின்வரிசை. நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால், 'முன்வரிசையில் ஒரு பாக்கெட் இருக்கும்வரை பின்வரிசையைத் தொடாதே' என்று கறாராக விதி போட்டுவிட்டால்? முன்வரிசை காலியாகவே இல்லையென்றால், பின்வரிசை நின்றுகொண்டே இருக்கும். இடம் நிறைந்ததும், மேற்கொண்டு வருவதை ரவுட்டர் தூக்கி எறிந்துவிடும். ஈமெயிலைச் சுமக்கும் டி.சி.பி. ரொம்ப மரியாதைக்காரர். பாக்கெட் தொலைந்தால், 'நெரிசல் போலிருக்கு' என்று தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்!

இதில் யார் குற்றவாளி? ரவுட்டர் எடுத்த ஒவ்வொரு முடிவும் சரி. எங்கள் கணக்குப் பாஷையில், வவுச்சரெல்லாம் சுத்தம். பாலன்ஸ் ஷீட்தான் உதைக்கிறது.

1985-ல் ஜான் நேகிள் என்பவர் ஒரு வழி சொன்னார். அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. முறைவைத்து ஆளுக்கொரு பாக்கெட். பின்னால் வந்தவர்கள் இதில் எடை சேர்த்தார்கள். முக்கியமானவருக்குப் பெரிய பங்கு, மற்றவருக்குச் சின்னப் பங்கு. யாருக்கும் பூஜ்யம் கிடையாது.

முன்னுரிமை தப்பே இல்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் பொறுமையாக இருக்கிறார் என்பதையே காரணமாக்கி அவரை நிரந்தரமாக நிறுத்திவைப்பது அநியாயம். 'மிச்சமிருந்தால் தர்றேன்' என்பது பங்கு அல்ல. கொஞ்சமே ஆனாலும் முதலிலேயே ஒதுக்கிவைப்பதுதான் பங்கு.

அன்று ராத்திரி கூப்பிட்டேன்.

"என்னம்மா விஷயம்?"

"ஒண்ணுமில்லைப்பா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

மறுநாள் காலை டாக்டரிடம் போனோம். நல்லவேளை, மாத்திரையோடு போயிற்று.

இப்போதெல்லாம் தினமும் ராத்திரி எட்டு மணி அம்மாவுக்கு. பத்தே நிமிஷம். எந்த அவசரம் வந்தாலும் அது வரிசையில் நிற்கட்டும்.